பதினேழாவது செல்

உங்களில் யாராவது, தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டிய பேட்டரி செல்லில் ஆசிட் ஊற்றியிருக்கிறீர்களா? கையைத் தூக்க வேண்டாம். நானே தூக்குகிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து பேருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது இருபத்தேழு. சோலார் பேட்டரி வேலையில் ஐந்து வருடம். நேற்றோடு ரிட்டயர்மென்ட். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் முடியும்போது ஆசிட் ஓட்டை விழாத சுடிதார் ஒன்றுகூட உங்கள் அலமாரியில் மிஞ்சாது, அப்போது நானும் சிரிக்கிறேன்.

நட்டை எவ்வளவு முறுக்குவது, ஹைட்ரோமீட்டரை எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்பதெல்லாம் ட்ரெய்னிங்கில் வந்துவிடும். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு செல்லைப் பற்றி. அந்த ஒரு செல்லால் ஒரு மனுஷியின் பிழைப்பு போயிற்று.

முதலில் சேட்டன். தம்பானூர் ஆபீஸில் எங்கள் சர்வீஸ் இன்சார்ஜ். நெய்யாற்றின்கரைக்காரர், அதனால் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். எல்லோருக்கும் அவர் சேட்டன்தான். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். முதல் மாதத்தில் ஒரு வீட்டு பேட்டரி வரிசையை, அது சும்மா இருக்கும்போதே, நான் மீட்டர் வைத்து அளந்துவிட்டு, "எல்லா செல்லும் ஓகே சேட்டா" என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன். அவர் அந்த வீட்டின் ஃபேன், மிக்ஸி, கிணற்று மோட்டார் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட விட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு செல்லின் வோல்டேஜ் தரையைத் தொட்டது.

"சும்மா இருக்கும்போ எல்லா செல்லும் நல்ல செல்லுதான் மோளே. பணி கொடுத்து நோக்கு."

அன்றைக்கு அந்த வாக்கியத்தை ஃபோனில் குறித்து வைத்தேன். இன்னும் இருக்கிறது. இதைச் சொல்லித் தந்த ஆள் பிறகு என்ன சொல்லித் தந்தார் என்பதற்கு வருகிறேன்.

ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. கஸ்டமர் தமிழ் ஆள் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அப்பா ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கர். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். நான் மலையாளத்தில் படித்து, தமிழில் திட்டு வாங்கி வளர்ந்தவள். "தமிழ் பார்ட்டி, நீ போய்க்கோ" என்று சேட்டன் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும். எதற்காக அனுப்பினார்கள் என்று யோசிக்க எனக்கு நாலு வருடம் ஆனது. பி.டெக் படித்த மூளை, பாருங்கள்.

பாக்கியம் அக்கா வள்ளியூர்க்காரர். இருபது வருடத்துக்கு முன்னால் கட்டிட வேலைக்கு வந்தவர். பிறகு ஹோட்டலில் மாவாட்டி, அப்புறம் சொந்தமாக மாவு அரைத்து, கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் ஐந்து ஹாஸ்டல்களுக்கு இட்லி மாவு கொடுத்துக்கொண்டிருந்தார். இடம், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய முந்திரி ஷெட். அந்த இடத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் கேஸ். அண்ணன் வாடகைக்கு விட்டான். தம்பி, யாருக்கும் கரண்ட் கனெக்‌ஷன் கொடுக்கக் கூடாது என்று கரண்ட் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டான். சுற்றிலும் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று விளக்கு எரிய, நடுவில் இந்த ஷெட்டுக்கு மட்டும் கரண்ட் கிடையாது. அக்கா லோன் எடுத்து எங்கள் கம்பெனியிடம் சோலார் வைத்தார். கூரையில் பேனல், உள்ளே வரிசையாக இருபத்திநாலு செல். அதில்தான் இரண்டு கிரைண்டரும் மாவைக் குளிரில் வைக்கிற சில்லரும் ஓடின. வெயில் இருக்கும் மத்தியானத்தில் அரைப்பார், சில்லரில் வைப்பார், விடிகாலையில் ஹாஸ்டல்களுக்குப் போகும்.

போன மழைக்காலத்தில் வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. பேனலில் வரவு இல்லை, கிரைண்டருக்குச் செலவு நிற்கவில்லை. பேட்டரி அரைவயிற்றோடு கிடந்து கிடந்து ஆறு செல் படுத்துவிட்டது. புதியவர்களுக்காக ஒரு வரி: செல் நன்றாக இருந்தால் ஆசிட் திரவத்தில் இருக்கும். பட்டினி போட்டால் அந்த ஆசிட், தகட்டுக்குள் உப்பாகப் போய்ப் படிந்துவிடும். அதை வெளியே கொண்டுவர ஒரே வழி, குறைந்த கரண்டில் நாள் கணக்காக சார்ஜ் செய்வது. அவசரப்பட்டால் வராது.

நான் போய் அளந்துகொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ தமிழாட்டி?"

"ஆமாக்கா."

"அப்பாடா. இதுக்கு முன்னால வந்தவன் என்ன கேட்டாலும் 'செரியாக்காம், செரியாக்காம்'னு சொல்லிட்டுப் போவான். ஒண்ணும் செரியாவல. நீயாவது உள்ளதச் சொல்லு. எத்தன நாளு ஆவும்?"

"ஆறு செல்லையும் வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போணும். பத்து நாளாகும்."

"பத்து நாளா! பத்து நாளு அந்தப் பயலுவ வாயக் கட்டிட்டு கெடப்பானுவளா? மூணாம் நாளே வேற ஆளப் பாத்துருவானுவ."

"சரிக்கா, அஞ்சு நாள். நான் பாத்துக்கிடுதேன்."

"அஞ்சு நாளுன்னா எப்படியும் சமாளிச்சிருவேன். ஆறாம் நாளு எனக்கு ரெண்டு கிரைண்டரும் ஓடணும், கேட்டியா? வார்த்த மாறப்பிடாது."

இதுதான் என் முதல் தப்பு. ஆசிட்டுக்கு முன்னால் நடந்தது. பத்து நாள் வேலை என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து, பாதியாகக் குறைத்தேன். அது இரக்கம் என்று அப்போது நினைத்தேன். கூடவே என் திமிரும் இருந்தது. அதுவரை நான் கையில் எடுத்த எந்த செல்லும் பிழைக்காமல் போனதில்லை. வண்டியில் திரும்பும்போது கூட வேலை செய்யும் பைஜு, "ஆறில் ஒண்ணெங்கிலும் போகும்" என்றான். "ஆறும் வரும். பெட் கட்டு" என்றேன். பொரோட்டாவும் பீஃபும் பந்தயம். போதாததற்கு ஆபீஸ் குரூப்பிலும் "இருபத்திநாலுக்கு இருபத்திநாலு" என்று போட்டேன்.

அந்த ஐந்து நாளும் அக்கா ஆரியசாலையில் தெரிந்த ஒரு கடையின் கிரைண்டரில் அரைத்து, தூக்குப் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக் கழக்கூட்டம் வரை கொண்டுபோனார். வழியில் ஒரு சிக்னலில் மாவு பொங்கி ஆட்டோக்காரரின் சீட்டில் வழிந்ததாம். "ஆட்டோவுக்கே இட்லி அவிச்சுக் குடுத்தேன்" என்று ஃபோனில் சிரித்தார். தினம் ஒரு ஃபோன். "செல்லுவளுக்கு எப்படி இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளை விசாரிப்பதுபோல் கேட்பார்.

ஐந்து செல் தேறிவிட்டது. ஹைட்ரோமீட்டரில் ஆசிட் அடர்த்தியின் ரீடிங் 1240-ஐத் தொட்டது, லோடு, அதாவது பணி, கொடுத்தாலும் நின்றது. பதினேழு மட்டும் 1150-க்கு மேல் அசையவில்லை. லோடு வைத்தால் பத்து நிமிடத்தில் செத்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சேட்டன் மேஜைக்குப் போனேன்.

"சேட்டா, பதினேழு ஏறல. அத விலக்கிட்டு பதினாறையும் பதினெட்டையும் நேரா கேபிள் போட்டுக் கூட்டிரலாம். இருபத்திமூணுக்கு செட்டிங் மாத்தினா ஓடும். ஒரு நேரம் ஒரு கிரைண்டர்னு அக்காகிட்ட சொல்லிரலாம்."

"இருபத்திமூணுன்னு எழுதினா வாரண்டில புது செல் கொடுக்கணும். ஈ மாசம் எத்ர செல் கொடுத்தாச்சுன்னு நினக்கு அறியுமோ?"

"ஒண்ணுதானே சேட்டா."

"எல்லாரும் ஒண்ணுன்னுதான் வருது. நீ இருபத்திநாலு எழுது. ஆசிட் ஊத்தினா ரீடிங் வரும், அல்லே?"

"ரீடிங் வரும். செல் வராது."

"ரீடிங் வந்தா போதும் மோளே. ஃபிசிக்ஸ் கிளாஸ் வேண்டா."

அவர் அதட்டவில்லை. மிரட்டவில்லை. எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். இதை நன்றாகக் கவனியுங்கள். யாரும் என் கையைப் பிடித்து ஊற்றவைக்கவில்லை. நான் வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்தபோது பைஜு வாசலில் நின்று, "என்தாடி, பொரோட்டா ஓர்டர் செய்யட்டே?" என்று பல்லைக் காட்டினான். அந்தப் பல்தான் என்னைத் தள்ளியது என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மை அவ்வளவு சில்லறை.

செல்லிலிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி எடுத்தேன். கேனைத் திறந்து ஆசிட் ஊற்றினேன். ஹைட்ரோமீட்டரின் மிதவை சமர்த்தாக மேலே ஏறி 1240-ல் நின்றது. படம் எடுத்து குரூப்பில் போட்டேன். பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அன்றைக்கு பீஃபின் காசு பைஜுவுடையது.

தகட்டில் உப்பு அப்படியே இருந்தது. இன்னும் ஆசிட் கூடினால் அந்த உப்பு இறுகத்தான் செய்யும். காய்ச்சல்காரனை விட்டுவிட்டு, தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுத்த கதை.

ஆறாம் நாள் ஷெட்டில் இருபத்திநாலு செல்லையும் கூட்டினோம். இரண்டு கிரைண்டரும் ஓடின. அக்கா கிரைண்டரை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெயில் நன்றாக இருந்தது, பேனலிலிருந்தே கரண்ட் வந்துகொண்டிருந்தது, அதனால் பதினேழு மாட்டிக்கொள்ளவில்லை. மேகம் வரும் வரை அது ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு வேலை முடிந்ததற்கான ரிப்போர்ட் ஃபார்ம். முழுக்க மலையாளத்தில். இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் அக்காவுக்கு மலையாளம் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

"வாசிச்சு சொல்லுட்டி. கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டு ஒரு தடவ பட்டது போதும்."

நான்கு வரி. முதல் வரி, இன்ன தேதியில் இன்ன வேலை. வாசித்தேன். இரண்டாம் வரி, செல்களின் எண்ணிக்கை. வாசித்தேன். மூன்றாம் வரி: வாடிக்கையாளர் முன்னிலையில் ஒவ்வொரு செல்லும் லோடு வைத்துச் சோதிக்கப்பட்டது, இனி வரும் பழுது உபயோகித்தவரின் குறையாகக் கருதப்படும். நான் நான்காம் வரிக்குப் போய்விட்டேன்.

"நடுவுல ஒண்ண விட்டுட்ட மாதிரி இருக்கே?"

"அது கம்பெனி சமாச்சாரம்க்கா. எல்லா ஃபார்ம்லயும் இருக்கும்."

பா, க், கி, ய, ம் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய மாவு கொடுத்தார். "அம்மாவ தோச ஊத்தித் தரச் சொல்லு. வேலக்கிப் போற புள்ள, சாப்பிடாம அலையாத." மறுநாள் காலையில் நாலு தோசை சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

செல்களைக் கூட்டிய பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. திங்கட்கிழமை ஹாஸ்டல்கள் நிரம்பும், மாவு இரட்டிப்பு வேண்டும். அக்கா இரண்டு கிரைண்டரையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார். நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்தேன். பதினேழு என்று என் மனது உடனே சொன்னது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, லீவில் எடுக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடைசித் துப்பட்டாவையும் மடித்து வைத்தேன்.

சேட்டன் எனக்குச் சொன்ன 'பணி கொடுத்து நோக்கு' டெஸ்டில் நான் தோற்றது அந்த மூன்று ரிங்கில்தான். அப்போதாவது எடுத்து, கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்ப் பதினேழை விலக்கியிருந்தால், சில்லர் ஓடியிருக்கும், மாவு நின்றிருக்கும்.

திங்கட்கிழமை காலை நானும் பைஜுவும் போனோம். லோடு தாங்காமல் பதினேழு பிளஸ் மைனஸ் தலைகீழாக மாறி, சூடாகி, மூடி வழியாகப் பொங்கியிருந்தது. பக்கத்திலிருந்த பதினாறும் பதினெட்டும் அந்தச் சூட்டில் இளகிக் கோணியிருந்தன. இன்வெர்ட்டர் நின்று, சில்லர் நின்று, மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தரை முழுக்க வழிந்து கிடந்தது. ஆசிட் நாற்றமும் புளித்த மாவின் நாற்றமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எந்த ட்ரெய்னிங்கிலும் சொல்ல மாட்டார்கள்.

ஐந்து ஹாஸ்டலும் அன்று பிரெட் கொடுத்தன. மூன்று ஹாஸ்டல் அந்த வாரமே ஆளை மாற்றியது.

அக்கா தரையில் கிடந்த மாவை வழித்துக்கொண்டிருந்தார். "ஃபோன் அடிச்சேன்" என்று மட்டும் சொன்னார். "பாக்கலக்கா" என்றேன்.

ஆபீஸில் சேட்டனிடம் சொன்னபோது, "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்றால் கைகழுவல் என்றுதான் எனக்குப் புரிந்தது. வீரம் வந்துவிட்டது. அன்று மத்தியானமே கம்பெனிக்கும் பேட்டரி தயாரித்தவர்களுக்கும் சேர்த்து மெயில் போட்டேன். பதினேழாவது செல்லில் ஆசிட் ஊற்றியது நான், ரிப்போர்ட் பொய், கஸ்டமர் மேல் தப்பில்லை, மூன்று செல்லும் புதிதாகக் கொடுங்கள் என்று அழகான இங்கிலீஷில். அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. செல்லில் ஆசிட் சேர்க்கப்பட்டதை உங்கள் எஞ்சினியரே ஒப்புக்கொண்டிருப்பதால், நிபந்தனைப்படி இருபத்திநாலு செல்லுக்கும் வாரண்டி ரத்து.

எங்கள் கம்பெனி அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தது: அது ஊழியரின் சொந்தச் செயல், கம்பெனி பொறுப்பல்ல.

சேட்டன் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"பேட்டரி கம்பெனி இன்ஸ்பெக்டர் வரும் முன்ன பதினேழை எடுத்து விலக்கிட்டு, பதினாறும் பதினெட்டும் மட்டும் க்ளெய்ம் போடலாம்னு நான் வெச்சிருந்தேன். ரெண்டு செல் கிட்டியிருக்கும். அத வெச்சு அந்த அக்கா ஓட்டியிருக்கும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சேட்டா."

"நீ மெயில் அனுப்பும் முன்ன எங்கிட்ட கேட்டோ?" மெயிலின் பிரிண்டை என் பக்கம் தள்ளினார். "நீ சத்தியம் சொல்லி. நல்ல காரியம். ஆருக்கு வேண்டி? அந்த அக்காக்கு வேண்டியோ, நினக்கு வேண்டியோ?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் சொன்னதும் இன்னொரு பொய்தான், அது எனக்குத் தெரியும். அவருடைய பொய்யில் அக்காவின் ஷெட் பிழைத்திருக்கும், என் உண்மையில் செத்தது. இதிலிருந்து தப்பான பாடம் எடுக்காதீர்கள், பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபார்மின் மூன்றாம் வரியை வாசிக்க வேண்டிய அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்த உண்மைக்கு விலை இருந்திருக்கும். பதிமூன்று நாள் கழித்துச் சொன்னபோது அது என் மனதைக் கழுவத்தான் உதவியது. கழுவின தண்ணீர் முழுக்க அக்காவின் தலையில் விழுந்தது.

நானே போய்ச் சொன்னேன். அக்கா வெறும் தூக்குப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆசிட், ரிப்போர்ட், விட்டுப்போன வரி, எடுக்காத ஃபோன், மெயில், எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்காமல் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஒரு செல்லு இல்லாம ஓடுமாட்டி அது?"

"ஓடும்க்கா. ஒரு நேரத்துல ஒரு கிரைண்டர்தான் போட முடியும்."

"அத அன்னைக்கே சொன்னா என்ன? ஒண்ணுல அரைச்சுட்டு, அப்புறமா இன்னொண்ணுல அரைச்சிருப்பேன். எனக்கு என்ன, கைக்கொழந்தயா இருக்கு வீட்டுல?"

அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் ஒன்ன அனுப்பிருக்கானுவ. அவனுவள நான் ஒண்ணும் சொல்லல. நீ எதுக்குட்டி வந்த?"

"அந்த டப்பா..." என்றேன். மாவு கொடுத்த டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தேன்.

"வெச்சுட்டுப் போ."

கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கண்டிப்புக் கடிதம் ஒன்று கொடுத்து, அடுத்த வாரமே அடுத்த தமிழ் கஸ்டமரிடம் அனுப்பியது. நான் மூன்றாம் வரியையும் வாசித்தேன். அந்த ஆள் கையெழுத்துப் போடவில்லை. அதற்கடுத்த ஆளும் போடவில்லை. அப்புறம் தமிழ் கஸ்டமர்களுக்கு என்னை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பத்து மாதம் கழித்து நானே ராஜினாமாவைக் கொடுத்தேன். சேட்டன் கை கொடுத்தார். "நல்ல பணிக்காரி ஆயிருந்து" என்றார். அதையும் பொய் என்று சொல்ல முடியாது.

நீங்கள் ஐந்து பேரும் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். பதினேழு உங்களுக்கும் வரும். அன்றைக்கு எதிரில் ஒரு ஆள், "வாசிச்சு சொல்லு" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ரீடிங் உங்கள் கையில் இருக்கும், கேன் பக்கத்தில் இருக்கும், சேட்டன் டீ குடிக்கப் போயிருப்பார். எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று அங்கேயே, அந்த ஆளின் பாஷையில் சொல்லுங்கள். திட்டுவார். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

முந்திரி ஷெட் பூட்டிக் கிடக்கிறது. செல்கள் உள்ளேதான் இருக்கின்றன. லோன் தவணை இன்னும் முடியவில்லை. பாக்கியம் அக்கா இப்போது கழக்கூட்டத்தில், முன்பு தான் மாவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஹாஸ்டலிலேயே சமையலுக்கு நிற்கிறார். அங்கே மாவு பாக்கெட்டில் வருகிறது.